கம்பஸ் எலக்சனில் எங்களுக்கு ஏன் வாக்கில்லை?

குருநகர் இறங்குதுறையில் மீன் இறக்கி ஏலம் முடிந்த பிறகுதான் மனிதர்கள் ஆறுதலாகக் கதைப்பார்கள். வலையில் ஒட்டிய பாசியை உதறுகிற நேரம் அது. அப்படியொரு காலையில், ஐந்துமாடிக் குடியிருப்பில் இருக்கும் தொழிலாளி ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்.

"மாஸ்ரர், கம்பசிலை துணைவேந்தர் எலக்சன் எண்டு பேப்பரிலை கிடக்கு. என்ரை பிள்ளை அங்கை மூண்டாம் வருசம் படிக்குது. தனக்கு வாக்கில்லை எண்டுறாள். உங்களுக்கும் இல்லையாம். அப்ப ஆர்தான் போடுறது?"

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. எங்கள் நாட்டில் தேர்தல் வந்தால் ஆசிரியர்களைக் கடமைக்கு அழைப்பார்கள். அப்படிப் பல வாக்குச் சாவடிகளில் தலைமை தாங்கும் அலுவலராக இருந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், ஊர்ச் சங்கங்களின் தெரிவுகளையும் "மாஸ்ரர், ஒருக்கா வந்து நடத்தித் தாருங்கோ" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். ஆகவே வாக்கெண்ணுவது பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அவருடைய கேள்விக்கு ஒரு வசனத்தில் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொன்னதையும் பிறகு சட்டத்தை எடுத்து வாசித்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அவருக்கு விளங்குகிற இடத்திலிருந்து தொடங்கினேன். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் அங்கத்தவர். பொதுக்கூட்டம் கூடும். அங்கத்தவர் இடாப்பு இருக்கும். கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து முன்னால் இருப்பார். தலைவர், செயலாளர், நிர்வாக சபை எல்லாம் அந்த மண்டபத்திலேயே தெரிவாகும். வாக்குப் போட்டவர் பார்த்துக்கொண்டிருக்கவே முடிவு சொல்லப்படும். பிடிக்காவிட்டால் அடுத்த தெரிவில் மாற்றலாம். படிப்புக் குறைந்தவர்கள் என்று சிலர் நினைக்கும் கடற்கரையில் இந்த அளவுக்கு நடக்கிறது.

பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. அங்கே தெரிவு என்பது பல படிகள் உள்ள ஏணி. ஒவ்வொரு படியிலும் வாக்காளர் வேறு.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டந்தான் இன்றுவரை அடிப்படை. அதன்படி அடிப்படியில் இருப்பது பீடச் சபை. கலைப்பீடம், விஞ்ஞானபீடம், மருத்துவபீடம் என்று ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு சபை. பீடத்தின் நிரந்தர ஆசிரியர்கள் அதில் இருப்பார்கள். பீடத்தின் மாணவர்கள் தங்களுக்குள் தெரிவு செய்யும் இரண்டு மாணவர்களும் இருப்பார்கள். பீடாதிபதியைத் தெரிவு செய்வது இந்தச் சபை. அதற்கு மேலே மூதவை. கல்வி தொடர்பான விடயங்களில் அதுதான் பெரிய சபை: பீடாதிபதிகள், துறைத்தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர், அவர்களுடன் பீடங்களிலிருந்து தெரிவாகி வரும் ஆசிரியர்கள். மூதவை தன் உறுப்பினருக்குள் இரண்டு பேரைத் தெரிவு செய்து பேரவைக்கு அனுப்பும்.

பேரவைதான் ஆட்சி மன்றம். காசு, காணி, கட்டடம், ஆட்சேர்ப்பு, ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் கடைசியில் அங்கே போய் நிற்கும். துணைவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களை விதந்துரைப்பதும் அந்தப் பேரவைதான். அந்த மூன்று பெயர்களும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக ஜனாதிபதியிடம் போகும். அவர் மூன்று வருடத்துக்கு ஒருவரை நியமிப்பார். பேப்பரில் "துணைவேந்தர் தேர்தல்" என்று வருவது உண்மையில் இந்த மூன்று பெயரைப் பிடிக்கிற வாக்கெடுப்பைத்தான்.

பேரவையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். துணைவேந்தர் இருப்பார். பீடாதிபதிகள் எல்லோரும் இருப்பார்கள். மூதவையிலிருந்து வந்த இருவர் இருப்பார்கள். இவர்களை உள்வாரி உறுப்பினர்கள் என்கிறார்கள். இவர்களைவிட வெளியிலிருந்து சிலரை மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். கல்வி, தொழில், வர்த்தகம், நிர்வாகம் போன்றவற்றில் சிறந்த சேவை செய்தவர்களாக அவர்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை பேர்? உள்வாரி உறுப்பினர் எத்தனையோ அதைவிட ஒன்று கூட.

இந்த "ஒன்று கூட" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். பதினொரு பீடங்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீடாதிபதிகள் 11, துணைவேந்தர் 1, மூதவைப் பிரதிநிதிகள் 2. மொத்தம் 14. அப்படியென்றால் வெளிவாரி உறுப்பினர் 15. ஆக 29 பேர். ஆறு பேர் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், ஒவ்வொரு உறுப்பினரும் மூன்று பெயருக்கு நேரே புள்ளடி போடலாம் என்று விதி இருந்தால் என்ன நடக்கும்? வெளிவாரி உறுப்பினர் பதினைந்து பேரும் பேசிவைத்து ஒரே மூன்று பெயருக்குப் போட்டால் அந்த மூவருக்கும் தலா 15 வாக்கு. உள்ளே இருக்கும் பதினான்கு பேரும் ஒற்றுமையாக வேறு மூவருக்குப் போட்டாலும் தலா 14 தான். பட்டியலின் மூன்று இடமும் ஒரே பக்கத்துக்குப் போய்விடும். பல்கலைக்கழகத்துக்குள் இருந்து வந்த ஒருவர்கூட விரும்பாத மூன்று பெயர்கள், எந்தக் கள்ளவாக்கும் இல்லாமல், முழுச் சட்டப்படி கொழும்புக்குப் போகலாம்.

அதே 29 பேருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளடி மட்டும் என்று விதி வைத்துப் பாருங்கள். பதினைந்து பேர் தங்களைப் பிரித்து 8, 7 என்று இருவருக்குப் போடலாம். மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க அவர்களிடம் வாக்கு இல்லை. பதினான்கு பேர் ஒருவருக்குப் போட்டால் அவர் முதலாவதாகவே வருவார். பட்டியலில் இரண்டு பக்கமும் இருக்கும். எட்டுப் பேர் சேர்ந்து நின்றால் ஒரு பெயரை நிச்சயமாகப் பட்டியலில் ஏற்றலாம். ஆட்கள் அவர்களேதான், பெட்டியும் அதேதான். எத்தனை புள்ளடி என்ற ஒரே ஒரு விதி மாறினால் முடிவு மாறிவிடும். ஆகையால் தெரிவைக் கண்காணிக்க விரும்புகிறவர் வாக்களிக்கும் நாளில் போய் நின்று பயனில்லை. சுற்றுநிருபம் எழுதப்படுகிற நாளிலேயே கண் வைக்கவேண்டும்.

வெளிவாரி உறுப்பினர் என்றாலே கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெளியே இருந்து வருகிறவர் உள்ளே நடக்கும் குழுச் சண்டைகளுக்கு அப்பால் நின்று பேசுவார் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பேராசிரியர்கள் எல்லோரும் தேவதூதர்களும் இல்லை. ஆனால் அவர்களை நியமிக்கும் ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பது ஜனாதிபதி. அந்தக் காலத்து அமைச்சர் யார், அவருக்கு வேண்டியவர் யார் என்பதைப் பார்த்துப் பெயர்கள் போகின்றன என்ற குறையைப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் வெளிப்படையாகவே எழுப்பின. ஊரிலும் அதைத்தான் கதைக்கிறார்கள். யார் பெயரை யார் கொடுத்தார், ஏன் இவர் சேர்க்கப்பட்டார் என்று ஓர் எழுத்தாவது வெளியே வந்தால் அந்தக் கதை பாதி குறையும்.

இன்னொரு சுழற்சியும் இருக்கிறது. சட்டத்தின் கீழ் நீண்டகாலமாக இருந்துவந்த முறையில், துறைத்தலைவரைப் பேரவை நியமிக்கும், துணைவேந்தரின் விதந்துரையின் பேரில். பீடாதிபதி துறைத்தலைவர்களுக்குள் இருந்து தெரிவு செய்யப்படுவார். பீடாதிபதிகள் பேரவையில் இருப்பார்கள். பேரவை அடுத்த துணைவேந்தருக்கான பெயர்களைத் தெரிவு செய்யும். பதவியில் இருக்கும் துணைவேந்தர் இரண்டாம் தடவைக்கும் விண்ணப்பிக்கிறார் என்றால், அவருடைய விதந்துரையில் துறைத்தலைவரானவர் அவருக்கே வாக்களிக்கிற நிலை வரும். நேர்மையான மனிதர்கள் இருந்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் ஒருவருடைய நேர்மையை நம்பித்தான் முறை ஓடுகிறது என்றால் அது முறையில்லை.

சரி, அந்தப் பெட்டிக்குக் காவல் யார்? பதிவாளர். சட்டப்படி பேரவைக்கும் மூதவைக்கும் அவரே செயலாளர். ஆவணங்களும் அவர் பொறுப்பு. ஆனால் அதே சட்டம் பதிவாளரைத் துணைவேந்தரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் கீழே வைத்திருக்கிறது. நான் வாக்குச் சாவடியில் தலைமை தாங்கியபோது, போட்டியிடும் வேட்பாளர் எவரும் என்னுடைய மேலதிகாரி இல்லை. அவருடைய கையொப்பத்தில் எனக்குச் சம்பள உயர்வு வருவதில்லை. அதனால்தான் முகவர்கள் சத்தம் போட்டாலும் நிதானமாக இருக்க முடிந்தது. பதிவாளர் ஒருவருக்கு அந்த வசதியில்லை. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் கதிரை இடைஞ்சலான கதிரை.

இதைச் சொல்லும்போது 1981 ஞாபகம் வருகிறது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு மூன்று நாளுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. எங்கள் ஊர்க்காரர் கரி நாற்றம் போகாத நகரத்தினூடாகத்தான் வாக்குப் போடப் போனார்கள். பயிற்சி பெற்றிருந்த அலுவலர்களைக் கடைசி நேரத்தில் மாற்றி வேறு ஆட்களை இறக்கினார்கள். சில வாக்குப்பெட்டிகள் காணாமற்போயின. மேற்பார்வை என்பது வெறும் சடங்கு இல்லை என்று எங்கள் தலைமுறை கற்றுக்கொண்ட நாள் அது. பிறகு 1994 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வேறொரு பாடம் கிடைத்தது. யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. ஏறத்தாழ பத்தாயிரம் வாக்குகளுடன் ஒரு தரப்புக்கு ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன. எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. அப்படியும் ஒரு தேர்தல் நடக்கலாம்.

சிறிய தெரிவுகளில் இருக்கும் ஆபத்து பெரிய தேர்தலில் இருப்பதைவிட வேறு மாதிரியானது. ஆயிரம் பேர் போடும் பெட்டியில் என்னுடைய வாக்கு கரைந்துவிடும். இருபத்தொன்பது பேர் போடும் பெட்டியில் கரையாது. எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள். யார் பச்சை மைப் பேனா பாவிக்கிறார் என்பதுகூடத் தெரியும். மேலே சொன்ன மூன்று புள்ளடி முறையில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. ஆறு வேட்பாளரில் ஒருவருக்குக் கட்டாயம் போடவேண்டும் என்று உங்களிடம் ஒருவர் சொல்கிறார். மற்ற இரண்டு புள்ளடியையும் இன்ன இரண்டு பேருக்குப் போடு என்றும் சொல்கிறார். மிச்சம் ஐந்து பேரில் இரண்டு பேரைச் சேர்க்கப் பத்து வழிகள் உண்டு. பத்துப் பேருக்குப் பத்து வழியையும் பங்கிட்டுக் கொடுத்தால், சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து உரத்து வாசிக்கும்போது யார் சொன்னபடி போட்டார், யார் போடவில்லை என்பது அறையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சீட்டில் பெயர் இல்லை, ஆனால் கையொப்பம் இருக்கிறது.

ஆகவே சிறிய தெரிவை நடத்துகிறவர் செய்யவேண்டிய வேலைகள் மிகச் சாதாரணமானவை. எல்லோருக்கும் ஒரே பேனா. தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுத்தான் மறைவிடத்துக்குப் போகவேண்டும். சீட்டுகளை வாசிக்காமல், பெயர்வாரியாக மொத்தத்தை மட்டும் எண்ணி அறிவிக்கவேண்டும். பார்வையாளர் பார்க்கலாம், குறிப்பு எடுக்கக்கூடாது. வாக்குச் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதைப் பெட்டி திறக்கும் முன்னரே எழுதி வாசிக்கவேண்டும், திறந்த பிறகு இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், பெட்டிக்குள் இருக்கும் சீட்டுகளையும் இடாப்பில் இருக்கும் கையொப்பங்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கடைசியாகச் சொன்னதை நான் அடிபட்டுக் கற்றேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சங்கத்தின் தெரிவு. பெயர் வேண்டாம். கையொப்பம் 212. எல்லோரும் அவசரப்பட்டதால் சீட்டுகளை முதலில் எண்ணாமல் நேரே பெயர்வாரியாகப் பிரிக்க விட்டுவிட்டேன். பிரித்துக் கூட்டினால் 214. வெற்றி வித்தியாசம் ஒன்று. இரண்டு முதியவர்கள் வருத்தமாகக் கிடந்த மனைவிமாருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள், கெட்ட எண்ணமில்லாமல். கொடுத்தது எங்களில் ஒருவர்தான். முதலில் எண்ணியிருந்தால், யாருக்கு எத்தனை என்று தெரியும் முன்னரே நிறுத்தியிருக்கலாம். தெரிந்த பிறகு நிறுத்தினால் அது பக்கச்சார்பு ஆகிவிடுகிறது. ஆனாலும் நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு மறுபடி வாக்கெடுப்பு. முடிவு மாறியது. முதலில் வென்று பிறகு தோற்றவர் இன்றுவரை என்னோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அவரிடத்தில் பிழையில்லை. பிழை என்னுடையது.

இனி, எந்தப் பார்வையாளரும் எட்டாத படிக்கு வருவோம். பேரவை மூன்று பெயரை அனுப்புகிறது. அதில் முதலாவதாக வந்தவரைத்தான் நியமிக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. மூன்றாவதாக வந்தவரையும் நியமிக்கலாம். நியமித்தவரை நீக்கும் அதிகாரமும் ஆணைக்குழுவைக் கலந்தாலோசித்து ஜனாதிபதிக்கே இருக்கிறது. 2019 இல் அது நடந்தது. 2017 இல் துணைவேந்தராக வந்த பேராசிரியர் இரட்ணம் விக்னேஸ்வரன், மூன்று வருடம் முடிய முன்னரே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவால் பதவி நீக்கப்பட்டார். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய நாட்கள் அவை. மே 3 ஆம் திகதி பல்கலைக்கழகத்துக்குள் இராணுவம் தேடுதல் நடத்தி மாணவர் ஒன்றியத் தலைவரையும் செயலாளரையும் கைது செய்திருந்தது. துணைவேந்தர் போன பிறகு தகுதிவாய்ந்த அதிகாரியாகப் பேராசிரியர் க. கந்தசாமி நியமிக்கப்பட்டார். 2020 ஆகஸ்டில் பேராசிரியர் சி. சிறிசற்குணராஜா துணைவேந்தராக நியமிக்கப்படும் வரை, ஒரு வருடத்துக்கு மேல், அந்தப் பல்கலைக்கழகம் பேரவையின் பட்டியலில் இருந்து வராத ஒரு பதவியின் கீழ்தான் இயங்கியது. அந்தப் பேராசிரியரைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. பேரவையில் நடந்த வாக்கெடுப்பு எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும், அதன் பெறுபேற்றை ஒரு கடிதம் அழித்துவிடலாம் என்பதையே சொல்கிறேன்.

இதனால் எங்களுக்கு என்ன என்று கேட்பவர்கள் 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவை நினைத்துப் பார்க்கட்டும். பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை அந்த இரவில் இடித்தார்கள். வாசலில் மாணவர்கள் திரண்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11 ஆம் திகதி வடக்குக் கிழக்கில் கடையடைப்பு. அன்று விடியற்காலையே துணைவேந்தர் மாணவர்களோடு நின்று மறுபடி அடிக்கல் வைத்தார். ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. இடிப்பது யாருடைய முடிவு என்ற கேள்விக்கு, மேலிடத்து அழுத்தம் என்று ஒரு பக்கமும், துணைவேந்தரின் முடிவு என்று மறுபக்கமும் சொல்லப்பட்டது. பிள்ளைகளை, சகோதரங்களை அந்தக் கடற்கரையில் விட்டுவந்த எங்களுக்கு அந்தப் பதில் போதாது. தன்னைத் தெரிவு செய்தவர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய ஒருவர் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் இரவில் இயந்திரம் வர முன்னர் நாலு பேரையாவது கேட்டிருப்பார். எனக்கு அப்படித்தான் படுகிறது. பிழையாகவும் இருக்கலாம்.

முறை எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பேரவை, மூதவை ஆகியவற்றுக்கு மேலதிகமாகக் "கோர்ட்" என்றொரு பெரிய சபையும் இருந்தது. 1966 சட்டம் பழைய அமைப்பைக் கலைத்து, அரசாங்கம் நியமிக்கும் ஆட்சிச் சபையைக் கொண்டுவந்தது. 1972 இல் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் ஒன்றாக்கினார்கள். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தபோது அது அந்த ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு கிளை. பரமேஸ்வராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு. 1979 ஜனவரி 1 முதல்தான் அது தனிப் பல்கலைக்கழகம், பேராசிரியர் வித்தியானந்தன் முதல் துணைவேந்தர். ஆக எங்கள் பல்கலைக்கழகம் பிறந்ததே கொழும்பின் பிடி இறுகிய காலத்தில்தான்.

வெளியே பார்த்தால் வேறு வழிகளும் தெரிகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பட்டதாரிகளுக்கென்று செனட்டில் இடம் உண்டு, அதற்கு அவர்களே வாக்களிப்பார்கள். செனட்டிலிருந்து சிண்டிகேட்டுக்கு ஆட்கள் போவார்கள். ஆனால் துணைவேந்தர் விடயத்தில் அங்கேயும் ஆளுநரா, மாநில அரசா என்ற இழுபறி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஒக்ஸ்போர்டில் 2024 இல் வேந்தர் பதவிக்குத் தேர்தல் நடந்தபோது உலகத்தில் எங்கே இருந்தாலும் அதன் பட்டதாரிகள் இணையவழியில் வாக்களித்தார்கள். 38 பேர் போட்டியிட்டார்கள். வில்லியம் ஹேக் வென்றார். வேந்தர் என்பது அங்கே பெரும்பாலும் அலங்காரப் பதவி என்பது உண்மை. ஆனாலும் எண்ணிப் பார்க்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கட்டடத்துக்குக் காசு கேட்கிறோம், கணினிக்குக் காசு கேட்கிறோம். ஓர் ஆசனத்துக்கு வாக்குக் கேட்டதில்லை. பேரவையில் பட்டதாரிகள் தெரிவு செய்யும் ஓரிடம்கூட இல்லை. மாணவருக்கும் இல்லை. பீடச் சபையோடு அவர்களுடைய ஏணி முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் கேட்ட அந்தத் தொழிலாளி வலையை மடித்துவைத்துவிட்டு, "அப்ப சட்டம் மாறுமட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ?" என்றார்.

அப்படியில்லை. சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை, அது எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகம் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பகிரங்க அதிகாரசபை. மானியங்கள் ஆணைக்குழுவும் அப்படியே. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவேன் அல்லது தரமாட்டேன் என்ற முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. இலங்கைப் பிரசையாக இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்து இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர்கள் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் அங்கத்தவரில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதோர் பிரசைகளாக இருந்தால் ஓர் அமைப்பும் விண்ணப்பிக்கலாம். ஊரில் இருக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கு இது போதும்.

எங்கே எதைக் கேட்பது? யார் யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அது இரகசிய வாக்கு. நடைமுறையைப் பற்றிக் கேட்கலாம். அன்று மாலையே அவருடைய மகள் வீட்டுக்கு வந்தாள். யாகப்பர் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் கொப்பியும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். மூன்று கேள்வி எழுதினோம். வெளிவாரி உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்தத் தகைமையின் அடிப்படையில், எந்தத் திகதியில் நியமிக்கப்பட்டார்? இது மானியங்கள் ஆணைக்குழுவுக்கு. கடைசியாகத் துணைவேந்தருக்கான பெயர்களைத் தெரிவு செய்தபோது பின்பற்றிய சுற்றுநிருபத்தின் பிரதி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைத்த மொத்தம், கொடுக்கப்பட்ட சீட்டு எத்தனை, பெட்டியில் இருந்தது எத்தனை? இது பல்கலைக்கழகத்துக்கு. வேட்பாளராகவும் பேரவை உறுப்பினராகவும் இருந்தவர் அன்றைய கூட்டத்தில் இருந்தாரா, வாக்களித்தாரா? இதுவும் பல்கலைக்கழகத்துக்கு.

நான்காவது கேள்வியை அவளே எழுதினாள். "எங்கடை பீடச் சபையிலை இருக்கிற ரண்டு மாணவர் ஆர்?"

"உமக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"தெரியாது மாஸ்ரர். நீங்கள் படிக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த வளாகத்தில் படித்த காலம் முழுவதும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான்காவது கேள்வியை முதலாவதாகப் போடச் சொன்னேன்.